விபத்து விசாரணையை வெளியாரிடம் கொடுத்தால்? இன்று கிடைக்கும் நான்கு வழிகள், ஒரு மதிப்பீடு

விமானம் ஒன்று விழுந்த மறுநாளே எழும் கோரிக்கை இது: "உள்ளூர் விசாரணை வேண்டாம், சர்வதேச அமைப்பு விசாரிக்கட்டும்." எந்த அமைப்பு, அதை யார் அழைப்பது, வந்தால் அதன் கையில் என்ன அதிகாரம் இருக்கும், அறிக்கை எத்தனை மாதத்தில் வரும் என்று கேட்டால் பதில் சொல்பவர்கள் குறைவு. மிக்ஸி வாங்கும்போதுகூட உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்று கேட்கிறோம். இதையும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம். இன்றைக்கு ஒரு நாட்டின் முன் நான்கு வழிகள் உள்ளன: தானே விசாரிப்பது, வட்டார அமைப்பு ஒன்றிடம் கொடுப்பது, இன்னொரு நாட்டிடம் ஒப்படைப்பது, மான்ட்ரியலில் இருக்கும் ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவை அழைப்பது. நான்கும் ஏற்கெனவே பயன்படுத்திப் பார்க்கப்பட்டவை. எது எங்கே தேறியது, எங்கே உடைந்தது என்பதற்குப் பதிவுகள் இருக்கின்றன.

விழுந்த மண்ணே விசாரிக்கும்

எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாகவே வந்து சேருவது இந்த ஏற்பாடுதான். 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையும், விபத்து விசாரணைக்கான அதன் இணைப்பான அனெக்ஸ் 13-உம் வகுத்த விதி: விமானம் எந்த நாட்டில் விழுந்ததோ அந்த நாடு விசாரணையைத் தொடங்க வேண்டும். நாடுகளின் எல்லைக்கு வெளியே, நடுக்கடலில் விழுந்தால், விமானம் பதிவு செய்யப்பட்ட நாடு. விமானத்தைப் பதிவு செய்த நாடு, இயக்கிய நாடு, வடிவமைத்த நாடு, தயாரித்த நாடு ஆகிய நான்கும் ஆளுக்கொரு பிரதிநிதியை அனுப்பலாம். அவருக்குத் துணையாக ஆலோசகர்கள் வரலாம். போயிங் என்றால் அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி., ஏர்பஸ் என்றால் பிரான்சின் விசாரணை அமைப்பான பி.இ.ஏ. அநேகமாக எல்லா விபத்து இடத்திலும் தென்படுவது இதனால்தான். தன் குடிமக்களை இழந்த நாட்டுக்கும் ஒரு நிபுணரை அனுப்பும் உரிமை உண்டு. ஆனால் அவர் இடத்தைப் பார்க்கலாம், உறுதியான தகவல்களைக் கேட்டுப் பெறலாம், அறிக்கையின் பிரதி வாங்கலாம். ஆய்வு மேசையில் அவருக்கு நாற்காலி கிடையாது.

காலக்கெடு: முதற்கட்ட அறிக்கை 30 நாளில். இறுதி அறிக்கை, முடிந்தால் 12 மாதத்தில்; முடியாவிட்டால் ஒவ்வோர் ஆண்டு நினைவு நாளிலும் ஓர் இடைக்கால அறிக்கை. வரைவைப் பங்கேற்ற நாடுகளுக்கு அனுப்பி 60 நாள் அவகாசம் தர வேண்டும். அவர்கள் சொல்லும் திருத்தத்தை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால், அவர்கள் விரும்பினால், அவர்களின் கருத்தை அறிக்கையோடு இணைக்க வேண்டும்.

காகிதத்தில் படித்தால் நல்ல ஒப்பந்தம். உடையும் இடங்கள் மூன்று.

முதலாவது, விழவைத்தவரே விசாரிப்பவராக இருப்பது. 2020 ஜனவரி 8 அன்று தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் விமானம் பி.எஸ். 752, ஈரான் படையின் ஏவுகணைகளால் வீழ்த்தப்பட்டு 176 பேர் இறந்தார்கள். மூன்று நாள் மறுத்துவிட்டு, ஜனவரி 11 அன்று ஈரான் ஒப்புக்கொண்டது. அதற்குப் பிறகும் விசாரணை ஈரானிடமே இருந்தது. ஏனென்றால் விமானம் விழுந்தது ஈரான் மண்ணில். விபத்து இடம் அவசர அவசரமாகச் சுத்தம் செய்யப்பட்டது. கருப்புப் பெட்டிகள் பாரிஸ் சேர ஜூலை ஆகிவிட்டது. 2021 மார்ச்சில் வந்த இறுதி அறிக்கை, ஏவுகணைப் பிரிவை இயக்கியவர் விமானத்தைத் தவறாக அடையாளம் கண்டார் என்றது; எந்தக் கட்டளைச் சங்கிலி அதை அனுமதித்தது, போர்ச்சூழலில் வான்வெளி ஏன் மூடப்படவில்லை என்ற கேள்விகளுக்குத் தேவையான ஆழத்தில் பதில் இல்லை என்று உக்ரைனும் கனடாவும் எதிர்த்தன. அனெக்ஸ் 13-இன் எந்த வரியும் ஈரானை விலகச் சொல்லவில்லை. பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பது என்பார்களே, விதிப்படியே வைத்தார்கள்.

இரண்டாவது, மௌனம். 2022 மார்ச் 21 அன்று சீனாவின் குவாங்ஷி பகுதியில் விழுந்த எம்.யு. 5735-இல் 132 பேர் இறந்தார்கள். மூன்று ஆண்டு நினைவு நாள் கடந்தபோதும் இறுதி அறிக்கை வரவில்லை. இதற்குத் தண்டனை எதுவும் இல்லை. "முடிந்தால்" என்ற ஒற்றைச் சொல் 12 மாதத்தை விழுங்கிவிடுகிறது. போதாததற்கு, உடன்படிக்கையின் 38-ஆம் பிரிவின்படி "இந்த விதியை நாங்கள் இப்படிப் பின்பற்றுவதில்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டு எந்த நாடும் விலகிக்கொள்ளலாம்.

மூன்றாவது, 60 நாள் கருத்துரிமையை வெறும் சடங்காக்குவது. 2019 மார்ச் 10 அன்று விழுந்த எத்தியோப்பியன் இ.டி. 302-இன் இறுதி அறிக்கை 2022 டிசம்பரில் வந்தபோது, அமெரிக்காவின் கருத்துகள் முறையாக இணைக்கப்படவில்லை. என்.டி.எஸ்.பி. தன் கருத்தைத் தன் தளத்திலேயே வெளியிட்டது. சில நாளில் பி.இ.ஏ.வும் அதையே செய்தது. போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே தள்ளிய எம்கேஸ் மென்பொருளின் குற்றத்தை இரண்டுமே மறுக்கவில்லை. விமானிகளின் செயல்பாடும் பயிற்சியும் போதிய அளவு ஆராயப்படவில்லை, எதிர்க்காற்றை விமானம் சந்திக்கும் கோணத்தை அளக்கும் தாக்குக்கோண உணரி பழுதானதற்குப் பறவை மோதல் காரணமாக இருக்கலாம் என்பது விடுபட்டுவிட்டது என்பதுதான் முறையீடு. வாசகர் இன்று முழு உண்மையைப் படிக்க வேண்டுமென்றால் மூன்று நாட்டு வலைத்தளங்களுக்குப் போக வேண்டும். எகிப்து ஏர் 804-க்கும் (2016) இதே கதி: எகிப்து வெடிபொருள் என்கிறது, பி.இ.ஏ.வோ விமானி அறையில் ஆக்சிஜன் கசிந்து தீயை வளர்த்தது என்கிறது.

சரி, இந்த மூன்று ஓட்டைகளையும் அடைக்க ஒரு சர்வதேச அமைப்பு போதுமா?

ஐகாவோ: முகவரி இருக்கிறது, பறந்து போகும் குழு இல்லை

ஐகாவோவின் உறுப்பு நாடுகள் 193. விபத்து என்றதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் நிரந்தர விசாரணைக் குழு அதனிடம் இல்லை. வழக்கமான விபத்துகளை அது விசாரிப்பதில்லை. விதி எழுதுவதுதான் அதன் தொழில். ஆனால் உடன்படிக்கையின் 55-ஆம் பிரிவு, ஓர் உறுப்பு நாடு கேட்டால் பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கு இடையூறான நிலைமையை ஆராய அதன் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. அந்தக் கதவு வழியாக நடந்த சில விசாரணைகள்தான் "சர்வதேச அமைப்பு விசாரித்தால் எப்படி இருக்கும்" என்பதற்கு நம்மிடம் இருக்கும் நேரடி மாதிரி.

1983 செப்டம்பர் 1 அன்று சகாலின் அருகே சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்திய கொரியன் ஏர் லைன்ஸ் 007-ஐ எடுத்துக்கொள்வோம். இறந்தவர்கள் 269 பேர். ஐகாவோ குழு அதே டிசம்பரில் அறிக்கை தந்துவிட்டது. வேகத்துக்கு முழு மதிப்பெண். ஆனால் கையில் கருப்புப் பெட்டி இல்லை. சோவியத் யூனியன் அவற்றைக் கடலடியிலிருந்து எடுத்து, எடுத்ததையே மறைத்து வைத்திருந்தது. அதனால் அறிக்கை, "இப்படியும் நடந்திருக்கலாம், அப்படியும் நடந்திருக்கலாம்" என்ற கருதுகோள்களோடு நின்றது. சோவியத் யூனியன் கலைந்த பிறகு, 1992-இல்தான் உண்மை வெளியே வந்தது. நாடாக்கள் 1993 ஜனவரியில் ஐகாவோவிடம் ஒப்படைக்கப்பட்டுப் பாரிஸில் படிக்கப்பட்டன. அதே ஆண்டு வந்த இரண்டாவது அறிக்கை, விமானம் அலாஸ்காவை விட்டுக் கிளம்பியதிலிருந்து 245 பாகை காந்தத் திசையிலேயே தானியங்கிக் கட்டுப்பாட்டில் போய்க்கொண்டிருந்தது, வழிகாட்டிக் கணினியோடு அது இணையவேயில்லை, விமானிகள் அதைக் கவனிக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னது. அதே அமைப்பு, அதே விபத்து. இரண்டு அறிக்கைகளுக்கும் நடுவில் பெரிதாக மாறியது நாடா கைக்கு வந்ததுதான்.

அண்மை மாதிரி 2021 மே 23. ஏதென்ஸிலிருந்து வில்னியஸ் போன ரயன்ஏர் விமானம், வெடிகுண்டு மிரட்டல் என்று சொல்லி பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் இறக்கப்பட்டது. அதிலிருந்த எதிர்க்கட்சிப் பத்திரிகையாளர் கைதானார். ஐகாவோ குழுவின் 2022 ஜனவரி அறிக்கை, மிரட்டல் பொய் என்று சொல்ல முடிந்தது. அதைச் செய்தது யார் என்று சொல்ல முடியவில்லை. பெலாரஸ் முக்கியப் பதிவுகளைத் தரவில்லை. பிறகு அந்த விமானத்தை வழிநடத்திய கட்டுப்பாட்டாளரே நாட்டை விட்டு வெளியேறி, தன்னிடமிருந்த ஒலிப்பதிவோடு வாக்குமூலம் கொடுத்தார். ஜூலையில் வந்த திருத்திய அறிக்கையைக் கொண்டுதான் கவுன்சில் பெலாரஸ் அதிகாரிகளின் கையை உறுதிப்படுத்திக் கண்டித்தது. சம்மன் அனுப்பும் அதிகாரமோ அறையைப் பூட்டி முத்திரையிடும் அதிகாரமோ இல்லாத அமைப்பு, யாராவது ஒருவர் துணிந்து வருவதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

ஐகாவோவுக்கு 5-க்கு இரண்டரை. எழுதும் தரம் நன்று, நடுநிலையும் நன்று. கொடுத்ததை வைத்துத்தான் சமைக்கும்.

மாக் என்ற வட்டார அமைப்பு: முழுப் பொறுப்பும் கொடுத்துப் பார்த்த ஒரே பெரிய சோதனை

விபத்து விசாரணைக்கென்று பல நாடுகள் சேர்ந்து ஓர் அமைப்பை வைத்துக்கொள்ளலாம் என்பதை அனெக்ஸ் 13 ஏற்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஏழு நாடுகள் அப்படி ஒன்றை நடத்துகின்றன. நிபுணர்களும் ஆய்வகமும் இல்லாத சிறு நாடுகளுக்கு அது உருப்படியான வழி. ஐரோப்பிய ஒன்றியமோ 2010-இல் 996 எண் கொண்ட ஒழுங்குமுறையை எழுதியபோது பொது விசாரணை அமைப்பு வேண்டாம், தேசிய அமைப்புகளின் வலைப்பின்னல் போதும் என்று முடிவு செய்தது. இத்தனை ஒருங்கிணைப்பு உள்ள இடமே அப்படி நினைத்ததைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் பெரிய அளவில், பெரிய விமானங்களை, முப்பது ஆண்டுக்கு மேல் விசாரித்த பன்னாட்டு அமைப்பு என்றால் அது மாஸ்கோவில் இருக்கும் மாக்தான். 1991 டிசம்பர் 30 அன்று மின்ஸ்கில் கையெழுத்தான உடன்படிக்கையால் பழைய சோவியத் குடியரசுகளுக்காக உருவானது. தொழில்நுட்பத்தில் குறை சொல்ல முடியாது. பதிவுக் கருவி ஆய்வகம், பறத்தல் இயக்கவியல் கணக்கீடு, உருவகப்படுத்தி சோதனை எல்லாம் கைவசம் உண்டு. மாக் அறிக்கைகள் விமானிகளின் பயிற்சிப் பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டும். வேறு பல நாட்டு அறிக்கைகளில் அந்தத் துணிச்சலைப் பார்க்க முடியாது.

கோளாறு கட்டமைப்பில் இருந்தது. விமான வகைகளுக்குச் சான்றிதழ் தருவதும் மாக், விழுந்தால் விசாரிப்பதும் மாக். தான் சான்றளித்த விமானம் விழுந்தால், சான்றளிப்பில் பிழை இருந்ததா என்று தன்னையே கேட்க வேண்டும். இந்த முடிச்சு 2015 நவம்பரில் அவிழ்ந்த விதம் விசித்திரமானது. 2013-இல் கசானில் 50 பேர் இறந்த போயிங் 737 விபத்தின் தொடர்ச்சியாக, மாக் அந்த விமான வகையின் சான்றிதழை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ரஷ்யாவின் விமானப் போக்குவரத்துத் துறை கண்டுகொள்ளவில்லை. விமானங்கள் பறந்துகொண்டே இருந்தன. அதே மாத இறுதியில் சான்றளிக்கும் அதிகாரம் மாக்கிடமிருந்து பறிக்கப்பட்டு ரஷ்ய அரசுத் துறைகளுக்குப் போனது. பன்னாட்டு அமைப்பு என்று பெயர் இருந்தாலும், அலுவலகம் இருக்கும் நாட்டின் அரசு நினைத்தால் ஒரே மாதத்தில் அதன் பாதி வேலையை எடுத்துவிடலாம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

அதற்கு முன்பே ஸ்மோலென்ஸ்க். 2010 ஏப்ரல் 10 அன்று போலந்து அதிபர் உட்பட 96 பேர் இறந்த டியூ-154 விபத்து. அது அரசு விமானம். சிகாகோ உடன்படிக்கை அரசு விமானங்களைச் சேர்க்காது. ஆனாலும் இரு நாடுகளும் அனெக்ஸ் 13 முறையையே பின்பற்றலாம் என்று முடிவு செய்தன. மாக் 2011 ஜனவரி 12 அன்று அறிக்கை வெளியிட்டது, ஒன்பதே மாதம். விமானிகளின் தவறும், அவர்கள் மீதிருந்த அழுத்தமும் விரிவாக இருந்தன. தரைக் கட்டுப்பாட்டாளர்களின் பங்கு கிட்டத்தட்ட இல்லை. அதே ஆண்டு ஜூலையில் வந்த போலந்து ஆணையத்தின் அறிக்கையும் விமானிகள் மிகத் தாழ்வாக இறங்கியதைத்தான் முதல் காரணமாகச் சொன்னது. கூடவே, பாதையை விட்டு விலகிய விமானத்துக்குக் கட்டுப்பாட்டாளர்கள் "சரியான பாதையில் இருக்கிறீர்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்ததையும் சேர்த்தது. மாக் கண்டுபிடித்தது பொய்யாகவில்லை. எழுதாமல் விட்டதுதான் அதன் பெயரைக் கெடுத்தது. அந்த இடைவெளியில் சதிக் கதைகள் முளைத்து, போலந்து அரசியலையே பத்தாண்டுக்கு மேல் பிளந்தன. விமானத்தின் சிதைவுகளும் அசல் பதிவுக் கருவிகளும் இன்னும் ரஷ்யாவில்தான் கிடக்கின்றன.

வாடிக்கையாளர் நம்பிக்கை எந்த அளவுக்குத் தேய்ந்தது என்பதை 2024 டிசம்பர் 25 காட்டியது. பாகுவிலிருந்து குரோஸ்னி போன அஜர்பைஜான் ஏர்லைன்ஸின் எம்ப்ரேயர் 190, ரஷ்ய வான்வெளியில் சேதமடைந்து, காஸ்பியன் கடலைத் தாண்டிக் கசகஸ்தானின் அக்தாவ் அருகே விழுந்தது. 67 பேரில் 29 பேர் பிழைத்தார்கள். மாக் விசாரிக்கட்டும் என்ற யோசனையை அஜர்பைஜான் அதிபர் பகிரங்கமாக நிராகரித்தார். அதில் பெரும்பாலும் ரஷ்ய அதிகாரிகளே இருக்கிறார்கள் என்பது அவர் சொன்ன காரணம். கசகஸ்தான் கருப்புப் பெட்டிகளைப் பிரேசிலுக்கு அனுப்பியது. 2025 பிப்ரவரி 4-இல் வந்த முதற்கட்ட அறிக்கை, உடற்பகுதியில் வெளியிலிருந்து உலோகப் பொருள்கள் துளைத்த தடயங்களைப் பதிவு செய்தது. மாஸ்கோவில் ஆய்வகம் இருந்தும், உடன்படிக்கை இருந்தும், பெட்டி அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனது.

மாக்குக்கு, தொழில்நுட்பத்துக்கு 4, கட்டமைப்புக்கு 1. சராசரி போட்டால் ஏமாற்றும்.

இன்னொரு நாட்டிடம் ஒப்படைப்பது

பேசப்படுவதைவிட நன்றாக வேலை செய்யும் வழி இது. அனெக்ஸ் 13-இன் 5.1 பிரிவே, விசாரணையை முழுதாகவோ பகுதியாகவோ மற்றொரு நாட்டுக்குக் கொடுக்கலாம் என்கிறது. புதிய உடன்படிக்கை தேவையில்லை, இரு தரப்புக் கடிதமே போதும்.

2014 ஜூலை 17 அன்று கிழக்கு உக்ரைனில் மலேசியன் ஏர்லைன்ஸின் எம்.எச். 17 வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தபோது, ஆறே நாளில், ஜூலை 23 அன்று, உக்ரைன் விசாரணையை நெதர்லாந்தின் பாதுகாப்பு வாரியத்திடம் ஒப்படைத்தது. விபத்து இடம் ஆயுதக் குழுக்களின் கையில். சிதைவுகளைச் சேகரிக்கத் தொடங்கவே நவம்பர் ஆனது. அவற்றை நெதர்லாந்துக்குக் கொண்டுபோய், ஒரு விமானப்படைத் தளத்தில் இரும்புச் சட்டகத்தின் மேல் முன்பகுதியை மறுபடி கட்டி நிறுத்தினார்கள். கருப்புப் பெட்டிகள் பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் படிக்கப்பட்டன. விமானி அறை ஒலிப்பதிவின் கடைசி 20 மில்லி வினாடியில் இருந்த ஓசை, நான்கு ஒலிவாங்கிகளையும் எந்த வரிசையில் எட்டியது என்று கணக்கிட்டு, வெடிப்பு விமானத்துக்கு வெளியே, விமானி அறையின் இடப்பக்கம் மேலே நிகழ்ந்தது என்று நிறுவினார்கள். உடல்களிலிருந்து எடுத்த போ-டை (bow-tie) வடிவ உலோகத் துண்டு, வெடிமுனையின் வகையைச் சொன்னது. பறத்தல் பாதையைக் கணித்து, ஏவப்பட்ட பகுதியை 320 சதுர கிலோமீட்டருக்குள் குறுக்கினார்கள். 2015 அக்டோபர் 13 அன்று இறுதி அறிக்கை, 15 மாதம். இடத்துக்கே போக முடியாத நிலையில் இது அசாத்தியமான வேகம்.

இந்த அறிக்கையில் நம்பகத்தன்மைக்கு மிக நல்ல அத்தாட்சி வேறொரு இடத்தில் இருக்கிறது. விசாரணையைக் கொடுத்தது உக்ரைன். அதே உக்ரைன் வான்வெளியை முழுமையாக மூடியிருக்க வேண்டும், மூடவில்லை என்று அறிக்கை எழுதியது. 32,000 அடிக்குக் கீழே தடை போட்டிருந்தார்கள். விமானம் 33,000 அடியில் போனது. பணி கொடுத்தவரையும் குறை சொன்னார்கள். யார் சுட்டது என்ற கேள்வியை வாரியம் தொடவேயில்லை; அது குற்றவியல் விசாரணைக்குப் போய், 2022 நவம்பரில் ஹேக் நீதிமன்றத் தீர்ப்பில் முடிந்தது. பழி சுமத்தாமல் காரணம் கண்டறிவது என்ற அனெக்ஸ் 13-இன் எல்லைக்கோட்டை அவர்கள் தாண்டவில்லை.

இந்த வழிக்கும் தோல்விகள் உண்டு. 1999-இல் அமெரிக்கக் கரைக்கு அப்பால் விழுந்த எகிப்து ஏர் 990-ஐ எகிப்து என்.டி.எஸ்.பி.யிடம் ஒப்படைத்தது. துணை விமானியின் இயக்கமே காரணம் என்று 2002-இல் அறிக்கை வந்ததும், எகிப்து அதை ஏற்காமல் இயந்திரக் கோளாறு என்று தனி வாதம் எழுதியது. ஒப்படைப்பதால் உண்மை கிடைக்கலாம். ஒப்புதலும் சேர்ந்து கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. அதோடு, அமெரிக்கா போன்ற தயாரிப்பு நாட்டிடம் கொடுத்தால் அதன் விமான நிறுவனத்தின் நலன் குறுக்கே வருகிறதோ என்ற ஐயம் எப்போதும் எழும்.

முழுதாகக் கொடுக்க வேண்டாம், இரண்டைக் கொடுத்தால் போதும்

விசாரணை முழுவதையும் ஒரு சர்வதேச அமைப்பின் கையில் வைப்பது நடைமுறையில் ஏன் கடினம் என்பதற்கு முதல் 72 மணி நேரத்தைப் பார்த்தால் போதும். எரிபொருள் நிரப்பிய லாரியிலிருந்து மாதிரி எடுத்து லாரியை நிறுத்தி வைக்க வேண்டும். கட்டுப்பாட்டு கோபுரத்தின் ஒலிப்பதிவும் ரேடார் பதிவும் குறைந்தது 30 நாள் வைக்கப்பட வேண்டும் என்பது விதி. ஆனால் சுற்றியுள்ள கடைகளின் சிசிடிவி ஒரு வாரத்தில் அழிந்துவிடும். பராமரிப்புப் பதிவேட்டுக்கு முத்திரை வைக்க வேண்டும். உடற்கூறாய்வில் நச்சு மாதிரி கேட்டு வாங்க வேண்டும். எரிந்த கார்பன் இழைத் தூசிக்கு முகக்கவசம் இல்லாமல் யாரையும் உள்ளே விடக்கூடாது. இதற்கெல்லாம் உள்ளூர் போலீஸும் உள்ளூர் மொழியும் உள்ளூர்ச் சட்டமும் வேண்டும். மான்ட்ரியலிலிருந்து வருபவர் விசா வாங்கி இறங்குவதற்குள் பாதி சாட்சியம் போய்விடும்.

உடன்படிக்கையைத் திருத்துவதும் லேசல்ல. கே.ஏ.எல். 007-க்குப் பிறகு, பயணிகள் விமானத்தின் மீது ஆயுதம் பயன்படுத்தக்கூடாது என்ற பிரிவு 1984-இல் நிறைவேறியது. போதிய நாடுகள் உறுதி செய்து அது அமலுக்கு வர 1998 ஆனது. யாரும் எதிர்க்க முடியாத ஒரு வரிக்கே 14 ஆண்டு. நாடுகளின் இறையாண்மையைத் தொடும் திருத்தத்துக்கு எத்தனை ஆண்டு ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கே.ஏ.எல். 007 சொன்னது இதுதான்: கருப்புப் பெட்டி எங்கே போகிறதோ, உண்மை அங்கே போகிறது. ஆகவே கட்டாயமாக்க வேண்டியவை இரண்டு.

ஒன்று, பெட்டியின் காவல். சுட்டவர், இயக்கியவர், பதிவு செய்தவர், வடிவமைத்தவர் என்று யாரும் இல்லாத நாட்டின் ஆய்வகத்துக்கு, முத்திரையோடு, எல்லாத் தரப்பின் கண்முன்னே போக வேண்டும். இந்த அளவுகோலில் அக்தாவ் விபத்தில் பிரேசிலைத் தேர்ந்தெடுத்ததுகூட முழு நடுநிலை ஆகாது, எம்ப்ரேயர் அவர்களுடையது. நீரிலிருந்து எடுத்த பெட்டியை நல்ல தண்ணீரில் மூழ்கவைத்தே கொண்டுபோக வேண்டும். காற்றில் உலரவிட்டால் உப்பு சுற்றுப்பலகையை அரிக்கும். மின்சாரம் கொடுத்துப் பார்க்கவே கூடாது. நினைவகப் பகுதியைத் தனியே பிரித்து, மெல்ல உலர்த்தி, எக்ஸ்-ரேயில் பார்த்து, அதே ரகத்துப் பழுதில்லாத கருவியில் பொருத்திப் படிக்க வேண்டும். வெளிவருவது வெறும் இரும எண்கள். அவற்றை உயரம், வேகம், நெம்புகோல் நிலை என்று மாற்ற அந்த விமானத்துக்கே உரிய குறிவிளக்கத் தாள் வேண்டும். அது பெரும்பாலும் தயாரிப்பாளரிடமோ விமான நிறுவனத்திடமோ இருக்கும். சர்வதேச அமைப்பு என்று முழங்குபவர்கள் இந்தத் தாளை மறந்துவிடுகிறார்கள். அதை முன்கூட்டியே ஐகாவோவிடம் வைப்புச் செய்யும் கடமை இல்லாவிட்டால், நடுநிலை ஆய்வகமும் தயாரிப்பாளர் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

இரண்டு, வெளியிடும் உரிமை. 12 மாதம் முடிந்ததும், விசாரிக்கும் நாடு தந்தாலும் தராவிட்டாலும், பறத்தல் தரவு வரைபடங்களையும் மற்ற நாடுகளின் கருத்துகளையும் ஐகாவோ தன் தளத்தில் வெளியிடலாம் என்றால் எம்.யு. 5735 மௌனமும் இ.டி. 302 குழப்பமும் தோன்ற இடமே இருக்காது. விமானி அறை ஒலிப்பதிவைக் கேட்கும்படி வெளியிடுவது மட்டும் கூடாது. அந்தப் பாதுகாப்பு இருப்பதால்தான் விமானிகள் ஒலிவாங்கிகளை ஏற்றுக்கொள்கிறார்கள்.

மூன்றாவதாக ஒன்று சேர்க்கலாம்: விழுந்த நாட்டின் படையோ கட்டுப்பாட்டாளரோ காரணமாக இருக்கக்கூடும் என்று முதல் பார்வையிலேயே தெரிந்தால், 5.1-இன் ஒப்படைப்பு விருப்பமாக இல்லாமல் கட்டாயமாக வேண்டும். இதற்கு நாடுகள் உடன்படுமா என்பதில் அவநம்பிக்கைதான் அதிகம்.

இந்திய வாசகருக்கு ஒரு குறிப்பு

2010 மங்களூரு விபத்து வரை இங்கே தனி விசாரணை அமைப்பு கிடையாது. 2012-இல் ஏ.ஏ.ஐ.பி. வந்தது; ஆனால் விமானங்களை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வும் அதுவும் ஒரே அமைச்சகத்தின் கீழ். தென்கொரியாவிலும் இதே ஏற்பாடு இருந்தது. 2024 டிசம்பரில் முவானில் ஜேஜூ ஏர் விமானம் ஓடுபாதைக்கு அப்பாலிருந்த கான்கிரீட் மேட்டில் மோதி 179 பேர் இறந்தபோது, விமான நிலையங்களைக் கவனிக்கும் அமைச்சகத்தின் கீழேயே விசாரணை அமைப்பும் இருந்ததுதான் முதல் சர்ச்சையானது.

2025 ஜூன் 12 ஏர் இந்தியா 171 விபத்தில் கருப்புப் பெட்டி வெளிநாடு போகவில்லை. விபத்துக்குச் சில மாதங்களுக்கு முன் திறந்த டெல்லி ஆய்வகத்திலேயே, என்.டி.எஸ்.பி. கொண்டுவந்த துணைக்கருவியோடு படிக்கப்பட்டது. முதற்கட்ட அறிக்கை சரியாக ஜூலை 12 அன்று வந்தது. காலக்கெடுவில் குறையில்லை. எரிபொருள் சுவிட்சுகள் ஒரு வினாடி இடைவெளியில் அணைக்கப்பட்ட நிலைக்கு மாறியதைச் சொல்லிவிட்டு, "ஏன் அணைத்தாய்" என்று ஒருவர் கேட்டதாகவும் மற்றவர் மறுத்ததாகவும் ஒற்றை வரியில் எழுதி, கேட்டது யார் என்று சொல்லாமல் விட்டதுதான் பிழை. எழுத்துப்படியைத் தந்திருக்க வேண்டும். தர முடியாதென்றால் அந்த வரியே வந்திருக்கக் கூடாது. நடுவழியில் நின்றதால் இறந்துபோன இரு விமானிகளின் மேல் தொலைக்காட்சிகள் தீர்ப்பு எழுதின.

ஏ.ஏ.ஐ.பி.யை அமைச்சகத்திலிருந்து பிரித்து நாடாளுமன்றத்துக்கு நேரடியாக அறிக்கை தரும் அமைப்பாக்குவதற்கும், ஃபார்ன்பரோ, லெ பூர்ஜே, ஒட்டாவா, கான்பெரா ஆய்வகங்களில் ஒன்றோடு நிரந்தர ஒப்பந்தம் போட்டு, விமானத்தோடு தொடர்பில்லாத நாட்டில்தான் பெட்டி படிக்கப்படும் என்று எழுதிவைப்பதற்கும் மான்ட்ரியலில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முதலாவதற்கு ஒரு சட்டத் திருத்தம், இரண்டாவதற்கு 5.1 பிரிவும் ஒரு கையெழுத்தும்.